தண்ணீரின் சூடு

ஜனவரி 6

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. பதினோரு வருஷம் கழித்து என் எழுத்து உங்களுக்கு அடையாளம் தெரிகிறதோ என்னவோ. முதுகுவலி எப்படி இருக்கிறது? குளிர் நாளில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு காலை மாற்றி மாற்றி நிற்பீர்களே, அதை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். இங்கே என் மனைவி முழங்கால் வலியோடு நடமாடுகிறாள். மகள் குடும்பத்துக்குக் குறைவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன கோடையில் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வெட்டி எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கை நரம்பில் மருந்து ஏற்றுகிறார்கள். மொத்தம் ஆறு தடவை. முதல் தடவை டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி ஆயிற்று. வாந்தி, வாய்ப்புண் எல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். முடி கொட்டும் என்றும் சொன்னார்கள். கொட்டுவதற்கு முன்னால் தலை வலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

இது உள்ளே வலிக்கிற தலைவலி இல்லை அண்ணே. தோல் வலிக்கிறது. பெண்கள் இறுக்கிப் பின்னிய சடையை அவிழ்த்ததும் வேரெல்லாம் வலிக்கும் என்பார்களே, அதைப் பத்து மடங்காக்கிக்கொள்ளுங்கள். தலையணையில் சாய்ந்தால் வலி. மின்விசிறிக் காற்று பட்டால் வலி. சீப்பை வைத்தால் கண்ணில் பூச்சி பறக்கிறது, சீப்பு நிறைய முடியும் வருகிறது. நாற்பது வருஷம் முடி வெட்ட ஊரார் தலையைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பினேனே, யாருக்காவது இப்படி வலித்திருந்து நான் தெரியாமல் இருந்துவிட்டேனோ என்று இப்போது நினைக்கிறேன்.

எப்படியும் எடுக்கவேண்டிய முடி. நீங்கள் வந்து உங்கள் கையால் எடுத்துவிட வேண்டும். முப்பது வருஷம், நம் கடை விடுமுறை நாளில் கதவைப் பாதி இறக்கிவிட்டு நீங்கள் எனக்கும் நான் உங்களுக்கும் வெட்டிக்கொண்டோம். என் தலையின் மேடு பள்ளம் என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி

*

ஜனவரி 11

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. முதுகு அப்படியேதான் இருக்கிறது. அதற்கும் எனக்கும் ஒத்துப்போய்விட்டது. உனக்கும் எனக்கும்தான் ஒத்துப்போகவில்லை.

உன் மகள் கல்யாண மண்டபத்தில் நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. இனி உன்னோடு பேசமாட்டேன் என்றேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். போன் செய்யாதே, எடுக்கமாட்டேன்.

நீ மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். நான் மண்டப வாசலில் நின்றிருந்தேன். நீ காரிலிருந்து இறங்கிக் குனிந்து கதவைச் சாத்தினாய். உன் பிடரியைப் பார்த்தேன். அது என் வெட்டு இல்லை. எவனோ மெஷினை ஓட்டிக் காதுக்குப் பின்னால் கோடு கிழித்திருந்தான். கல்யாணத்துக்கு வெட்டவேண்டும் என்று நான் முந்தின நாள் கத்திரியைச் சாணை பிடித்து வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை காத்திருந்தேன். நீ வரவில்லை. எவனிடமோ தலையைக் கொடுத்துவிட்டு வந்து நின்றாய். அடுத்த மாதம் கடையையும் விட்டுவிட்டு மகளோடு போனாய். கடையை விட்டதற்கு மன்னிப்பு உண்டு. தலையை மாற்றியதற்கு இல்லை. அன்றிலிருந்து என் தலையை நானே இரண்டு கண்ணாடி வைத்து வெட்டிக்கொள்கிறேன். பின்பக்கம் படிக்கட்டு மாதிரி இருக்கிறது என்று பக்கத்துச் செருப்புக்கடைக்காரன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

நான் வர முடியாது. கடையில் கூட்டம். நாற்காலி சூடு ஆறுவதே இல்லை.

ஆனால் தலையைப் பற்றிக் கேட்டிருக்கிறாய், சொல்கிறேன். மெஷினை மட்டும் கிட்டே விடாதே. அது வெட்டுவதற்கு முன் இழுக்கும். வேர் நொந்த தலையில் அது கொலை. கத்தியை வைத்து அடியோடு எடுத்துவிடு. முடி இல்லாவிட்டால் வேர் ஏன் வலிக்கப் போகிறது? எடுத்ததும் படிகாரம் தேய். பிறகு கடைத் தண்ணி. ஒரு பாட்டில் பார்சலில் அனுப்புகிறேன், ஸ்பிரிட், கற்பூரம், புதினா உப்பு, எல்லாம் பழைய அளவுதான். கத்தியும் அதோடு வருகிறது.

நீ முடிதிருத்தும் பள்ளியில் சேர்ந்து சான்றிதழ் வாங்கினவன். நான் தொழிற்சாலை விடுதியில் நாற்பது பேர் தலையில் தப்பும் தவறுமாகத் தானே கற்றவன். எனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியும்.

எழுத்து கோணியிருக்கும். மேசைக்கு ஒரு கால் குட்டை.

உடம்பு தேறியதும் எழுது.

அண்ணன்

*

ஜனவரி 17

அண்ணனுக்கு,

பார்சல் ஒரு சேதமும் இல்லாமல் வந்தது. உங்கள் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் வைத்துக்கொள்ளுங்கள், ஒத்துப்போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

பதின்மூன்றாம் தேதி இரண்டாவது தடவை மருந்து ஏற்றினார்கள். எங்கள் வார்டில் ஒரு நர்சம்மா இருக்கிறார். ஹெட்மாஸ்டர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், அவர் காதுபடவே. என்னைவிட முப்பது வயது சின்னவர். அவர் வந்தால் டாக்டர்கூடக் காலை நேராக வைத்துக்கொள்கிறார். அவரிடம் உங்கள் யோசனையைச் சொன்னேன். நானும் முடி வெட்டுகிறவன், கத்தி எனக்குப் பழக்கம் என்றும் சொன்னேன்.

அவர் மருந்து பாட்டிலை மாட்டிக்கொண்டே சொன்னார்: "உங்க அண்ணன் அவர் கடையில பெரிய ஆளா இருக்கட்டும் தாத்தா. இந்த வார்டுல நான்தான் பெரிய ஆளு. கத்தி உங்க தலைப்பக்கமே வரக்கூடாது."

அவர் சொல்வது இது. மருந்து ஏற்றிய பத்து நாளில் ரத்தத்தில் கிருமியோடு சண்டை போடுகிற அணுக்கள் குறைந்துபோகுமாம். அப்போது ஒரு சின்னக் கீறல் போதுமாம். அதனால் மெஷினில் அரை அங்குலம் விட்டு ஒட்ட வெட்டிவிட்டு, மீதியைத் தானாக விழ விடவேண்டும். குழந்தைகளுக்குப் போடும் சோப்பு. வெதுவெதுப்பான தண்ணீர். தேய்க்கக் கூடாது, துணியால் ஒற்றவேண்டும். வாசனை, ஸ்பிரிட், கற்பூரம் எதுவும் ஆகாது. பருத்தித் தொப்பி. வெயில் படக் கூடாது. தொப்பி இரண்டு அவரே கொடுத்தார். ஒன்று நீலம். போட்டால் பேத்தி என்னைக் கொசு மருந்து அடிக்கிறவர் என்கிறாள்.

நீங்கள் சரி என்று சொன்னால் மெஷினையே வைத்துக்கொள்கிறேன். நேற்றிலிருந்து வலி கொஞ்சம் கூடுதல். படுக்காமல் உட்கார்ந்தே தூங்குகிறேன்.

பதில் சீக்கிரம் போடுங்கள்.

தம்பி

*

ஜனவரி 21

தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். ஒத்தடம் வைக்க ஆளும் இல்லை, தேவையும் இல்லை.

அந்த அம்மாள் எத்தனை தலையில் கை வைத்திருக்கிறாள்? ஊசி போடுகிறவள் ஊசியைப் பற்றிச் சொல்லட்டும், கேட்டுக்கொள். தலையைப் பற்றி நான் சொல்கிறேன். கடைத் தண்ணியால் ஒருத்தனுக்கு ஒரு பரு வந்ததாக ஐம்பத்திரண்டு வருஷத்தில் புகார் இல்லை. கீறல் என்கிறாள். கத்தி பிடிக்கத் தெரியாதவன் கையில் கீறும். நீ என்ன நேற்றுக் கத்தி பிடித்தவனா?

உன்னுடைய குணம் மாறவில்லை. அன்றைக்கு எவனோ ஒருத்தன். இன்றைக்கு இந்த அம்மாள். உன் தலையைக் கொடுக்க உனக்கு எப்போதும் வேறொரு கை கிடைக்கிறது. என்னிடம் யோசனை கேட்பாய், அப்புறம் அடுத்தவரிடம் போய் அது சரிதானா என்று கேட்பாய். அந்த மெஷினை வைத்தாயானால் எனக்கு இனிமேல் எழுதவேண்டாம்.

கத்தியால் எடுப்பதாக இருந்தால் கேட்டுக்கொள். துண்டை வெந்நீரில் பிழிந்து தலையில் ஐந்து நிமிஷம் கட்டிவை. நுரை தடித்து இருக்கட்டும். உச்சியிலிருந்து நெற்றிக்கு, பிறகு காதோரம், கடைசியில் பிடரி. முடி சாயும் பக்கமே போ, எதிர்த்துப் போகாதே. உன் பின்சுழியில் முடி மூன்று திசையில் போகும், அங்கே கத்தியைப் படுக்க வைத்துத் துளித்துளியாக எடு. சின்னவயதில் உன் தலையைக் குருவிக்கூடு என்று கூப்பிட்டதே அந்தச் சுழியால்தான். இரண்டு கண்ணாடி வைத்தால் தெரியும்.

பேனா சரியில்லை, மை விட்டுவிட்டு வருகிறது. எழுத்தைப் பார்த்து வேறு எதையும் நினைக்காதே.

சாப்பாடு இறங்குகிறதா? எழுது.

அண்ணன்

*

ஜனவரி 27

அண்ணனுக்கு,

இங்கே சுகம். அங்கேயும் சுகமாக இருக்க வேண்டும்.

நீங்கள் சொன்னபடியே நேற்றுச் செய்தேன். மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். வெந்நீர்த் துண்டு, நுரை, உச்சியிலிருந்து நெற்றிக்கு. இரண்டு கண்ணாடி. பின்சுழியில்தான் கொஞ்சம் தடுமாறினேன். முடிந்ததும் படிகாரம், அப்புறம் கடைத் தண்ணி. பாட்டிலைத் திறந்ததும் வீடு முழுக்க நம் கடை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாசனைக்குத்தான்.

இப்போது தலை சுத்தம். தொப்பி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இனி வருவீர்களா?

தம்பி

*

பிப்ரவரி 20

தம்பிக்கு,

மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. கடிதம் இல்லை. நான் சுகம். நீ எப்படி என்று தெரியாமல் இதற்கு மேல் என்ன விசாரிப்பது?

போன கடிதத்தில் வருவீர்களா என்று கேட்டிருந்தாய். நான் பதில் போடவில்லை என்று கோபமா? கோபப்படுகிற முறை என்னுடையது. அதையும் நீ எடுத்துக்கொள்ளாதே.

இதைக் கடை நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் கண்ணாடியைத் துடைத்தேன். மதியம் மறுபடியும் துடைத்தேன். செருப்புக்கடைக்காரன் எட்டிப் பார்த்து, "என்ன பெரியவரே, தம்பிகிட்டேர்ந்து தபால் உண்டா?" என்றான். உண்டு என்றேன். ஊரில் எல்லோருக்கும் எல்லாமும் தெரியவேண்டியதில்லை.

மூன்றாவது தடவை மருந்து இந்நேரம் ஏற்றியிருப்பார்கள். தலைவலி நின்றுவிட்டதா? நின்றிருக்கும். கடைத் தண்ணி எரிந்தால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்துகொள். எரியாது. இருந்தாலும் கலந்துகொள்.

அந்தத் தொப்பி பருத்திதானா என்று பிரித்துப் பார். இந்தக் காலத்தில் பருத்தி என்று சொல்லி எதையாவது கட்டிவிடுகிறார்கள்.

நாலு வரி போதும். எழுது.

அண்ணன்

*

மார்ச் 9

பெரிய அத்தானுக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். எழுதிவிட்டேன்.

உங்களுக்கு இதைச் சொல்லக் கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கினார். உங்கள் பிப்ரவரிக் கடிதத்தைப் படித்த பிறகு அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற எனக்கு மனமில்லை.

நான் மகள் வீட்டிலிருந்து திரும்பியபோது அவர் தொப்பியோடு உட்கார்ந்து உங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். வீட்டில் ஸ்பிரிட் வாசனை. தொப்பியின் பின்பக்கம் நனைந்திருந்தது. வியர்வை என்றார். மறுநாள் காலையில் காய்ச்சல். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரியில் நர்சம்மாதான் தொப்பியைக் கழற்றினார். பின்சுழியில் ஒரு அங்குலத்துக்கு வெட்டு. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து உரிந்திருந்தது. உங்கள் தண்ணியைத் தாராளமாகத்தான் ஊற்றியிருக்கிறார். நர்சம்மா காயத்தைத் துடைத்துக் கட்டுப் போட்டார். வெளியே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அந்த வெட்டு வழியாக ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது. ரத்தத்தில் எதிர்க்கிற அணு ஒன்றும் இல்லாத நாள் பார்த்துக் கத்தி வைத்திருக்கிறார். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதில் நாலு நாள் என்னை அடையாளம் தெரியவில்லை. உங்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், "அண்ணே, சுழியில பார்த்து" என்று.

மூன்றாவது தடவை மருந்து ஏற்றுவது ஐந்து வாரம் தள்ளிப்போயிற்று. கட்டி அந்த ஐந்து வாரம் சும்மா இருக்கவில்லை. இப்போது வயிற்றிலும் இருக்கிறது. நேரத்துக்கு மருந்து ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது அம்மா, என்றார். நான் உங்களுக்காக அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கண் விழித்த அன்று அவர் என்னிடம் சொன்ன முதல் பேச்சு, "அண்ணன்கிட்ட கத்தி பட்டுதுன்னு சொல்லிடாதே, அவர் மனசு ஒடிஞ்சிடும்" என்பதுதான். இவர் மனசைப் பற்றி நீங்கள் எப்போதாவது இப்படி யோசித்தீர்களா?

தொப்பி பருத்திதான்.

தம்பி மனைவி

*

மார்ச் 30

அண்ணனுக்கு,

உங்கள் உடம்பு எப்படி? இந்தக் கேள்விக்கு இந்த முறையாவது உண்மையாகப் பதில் எழுதுங்கள்.

அவள் உங்களுக்கு எழுதியதை நேற்றுத்தான் சொன்னாள். மூன்று வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நீங்கள் எந்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். எழுந்திருங்கள். கத்தியைப் பிடித்தது என் கை.

படுத்தபடியே எழுதுகிறேன், அதனால் சுருக்கமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் நீங்கள் எனக்கு வெட்டியபோது கத்திரி என் காதுமடலில் உரசியது. கண்ணாடியில் பார்த்தேன். உங்கள் கை ஆடிக்கொண்டிருந்தது. சீப்பைக் கை மாற்றிப் பிடித்து அதை மறைத்தீர்கள். நான் தெருவைப் பார்க்கிற மாதிரி இருந்துவிட்டேன். மண்டபத்தில் இருநூறு பேர் என் தலையைப் பார்ப்பார்கள். ஒருத்தன், பெரியவர் கை போய்விட்டது என்று சொல்லியிருந்தால் போதும், நீங்கள் அன்றே கடையை மூடியிருப்பீர்கள். அதனால் வேறு கடைக்குப் போனேன். கூடவே இருந்தால் ஒருநாள் நானே அதை உங்களிடம் சொல்லவேண்டி வரும் என்றுதான் ஊரையும் விட்டு வந்தேன். உங்களிடம் வாயைத் திறந்து ஒன்றைச் சொல்ல எனக்கு எந்த வயதிலும் வந்ததில்லை.

நீங்கள் கடையை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது, செருப்புக்கடைக்காரர் அப்போதே போனில் சொல்லிவிட்டார். மேசைக்கால், பேனா, எல்லாம் நானும் படித்தேன். தெரிந்துதான் ஜனவரியில் உங்களைக் கூப்பிட்டேன்.

இப்போதும் கூப்பிடுகிறேன். எடுக்க முடி இல்லை. கத்தி வேண்டாம். காயம் இன்னும் முழுதாக ஆறவில்லை, மீதித் தோல் தொட்டால் சுருங்குகிறது. தினமும் கழுவவேண்டும். அவளுக்குப் பயம், தொடும்போது அவள் மூச்சை அடக்குவது எனக்குக் கேட்கிறது. கை ஆடினால் பரவாயில்லையா என்று ஹெட்மாஸ்டரிடம் கேட்டேன். துணிதானே, ஆடட்டும், என்றார்.

நாள் அதிகம் இல்லை அண்ணே.

தம்பி

*

ஏப்ரல் 5

குருவிக்கூட்டுக்கு,

எட்டாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு யாரும் வரவேண்டாம்.

கை நீ பார்த்ததைவிட மோசம். தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறேன். உடம்பு எப்படி என்று கேட்டாய், இதுதான் பதில்.

பேசமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். கழுவுகிறேன்.

அண்ணன்

*

ஜூன் 14

பெரிய அத்தானுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்து உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே நானும் மகளும் இருக்கிறோம். அவர் போய் ஒரு மாதம் ஆகிறது. நீல நிறத் தொப்பியைப் பேத்தி எடுத்து வைத்துக்கொண்டாள். கத்தியைப் பார்சலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மிச்சம் இருந்த தண்ணியைச் சாக்கடையில் ஊற்றினேன். இரண்டு நாள் வாசனை போகவில்லை.

நீங்கள் எங்கள் வீட்டில் முப்பத்திரண்டு நாள் இருந்தீர்கள். என்னிடம் பேசினீர்கள், பேத்தியிடம் பேசினீர்கள், நர்சம்மாவிடம் தலை குனிந்து நின்று எப்படி ஒற்றவேண்டும் என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டீர்கள். அவரிடம் மட்டும் நீங்கள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்கவில்லை. கழுவுகிற நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்வீர்கள். அண்ணன் பேசினாரா என்று தினமும் அவரிடம் கேட்பேன். அவர் சிரிப்பார். "நாங்க என்னைக்குப் பேசினோம்" என்பார்.

கடைசியில், அவரைத் தூக்கிக்கொண்டு போக வாசலில் ஆட்கள் காத்திருக்க நீங்கள் அவர் தலையைக் கழுவினீர்கள். அன்றைக்குக் கதவைச் சாத்தவில்லை. உங்கள் உதடு அசைந்த மாதிரி இருந்தது.

உங்களை நான் மன்னித்துவிட்டதாக நினைக்கவேண்டாம். ஆனாலும் எனக்கு இது தெரிய வேண்டும். பதினோரு வருஷம் அவர் அதற்காகக் காத்திருந்ததை நான் பார்த்தேன். நீங்கள் அவரிடம் பேசினீர்களா?

தம்பி மனைவி

*

ஜூன் 22

அம்மா,

கத்தி வந்து சேர்ந்தது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் முழங்காலுக்கு ஏறி இறங்குவதைக் குறை.

மன்னிப்பதைப் பற்றி எழுதியிருந்தாய். நான் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை, நீ கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளப்போவதில்லை. ஜனவரி இருபத்தொன்றாம் தேதி நான் எழுதிய கடிதம் அவன் பெட்டியில் இருக்கும். அதை எரித்துவிடாதே. ஹெட்மாஸ்டரிடம் கொடு. அடுத்து ஒருத்தன் வார்டுக்கு வந்து, எங்கள் வீட்டுப் பெரியவர் கத்தி வைக்கச் சொன்னார் என்று சொன்னால், அந்த அம்மாள் அதை எடுத்துச் சத்தமாகப் படித்துக் காட்டட்டும். என் பெயரைப் போட்டே படிக்கட்டும். எழுத்து ஏன் கோணல் என்று கேட்டால் அதையும் சொல்லட்டும்.

நீ கேட்டதற்கு வருகிறேன்.

நான் வந்த முதல் இரண்டு நாளும் நீதான் கழுவினாய், நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் நீ மருந்து வாங்கப் போனாய். நான் கதவைச் சாத்தினேன். கழுத்துக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்துத் தலையைத் தொட்டியின் விளிம்பில் சாய்த்தேன். என் கையில் பாரமே தெரியவில்லை. அந்தச் சுழியைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

தண்ணீரைக் கலந்து கையில் தொட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஊற்றினேன். அவன் வாயைத் திறக்கவில்லை, முகம்கூட மாறவில்லை. ஆனால் கால் விரல்கள் மடங்கின. எங்கள் தொழிலில் இது தெரியும். நாற்காலியில் இருக்கிறவன் கண்ணாடிக்காக முகத்தை வைத்துக்கொள்வான், வலியைக் கால்தான் காட்டிக்கொடுக்கும். இன்னொரு குவளை ஊற்றினேன். மறுபடியும் விரல்கள் மடங்கின.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐம்பது வருஷம் கொதிக்கிற துண்டைப் பிழிந்து பிழிந்து என் கைக்குச் சூடு தெரியாமல் போயிருக்கிறது. எனக்கு வெதுவெதுப்பு என்பது அவனுக்குக் கொதி. எவ்வளவு சூடு என்பது அவனுக்குத்தான் தெரியும், நான் கேட்டால்தான் அவன் சொல்வான். நான் கேட்டுப் பழகினவன் இல்லை அம்மா. கடைக்கு வந்தவனிடம்கூட எப்படி வெட்டவேண்டும் என்று நான் கேட்டதில்லை. தலையைப் பார்ப்பேன், நானே முடிவு செய்வேன். அவன் தலையையும் அப்படித்தான் ஐந்நூறு மைல் தூரத்திலிருந்து பார்த்தேன்.

குவளையைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. தண்ணீர் என் சட்டையில் தளும்பியது. அப்புறம் கேட்டேன்.

"சூடு சரியா இருக்கா?"

அவன் கண்ணை மூடியிருந்தான். பேசியதே காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். பிறகு சொன்னான்.

"கொஞ்சம் ஜாஸ்திண்ணே."

அறுபத்தெட்டு வருஷத்தில் அவன் என்னிடம் ஒன்றைச் சரியில்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. குளிர்ந்த தண்ணீர் ஒரு குவளை கலந்தேன்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

கலந்தேன். "இப்ப?"

"இப்ப சரி."

இதுதான் நாங்கள் பேசியது. மண்டபத்தைப் பற்றியோ கத்தியைப் பற்றியோ ஒரு நாளும் பேசவில்லை. மறுநாளும் இதையே கேட்டேன், அவனும் இதையே சொன்னான். சில நாள் தண்ணீர் சரியாகவே இருந்தாலும் ஜாஸ்தி என்பான், நான் இன்னொரு தடவை கேட்கவேண்டும் என்பதற்காக. எனக்குத் தெரியும். கேட்டேன்.

என் உதடு அசைந்ததாக நீ பார்த்தது சரிதான். அன்றைக்கும் கலந்துவிட்டுக் கேட்டேன்.

கேட்டுவிட்டு அவன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன்